கொரங்காட்டில் நரி எச்சம் சேகரிப்பு: மழைக்குப் பிறகு சாணி வண்டு எதையும் விட்டுவைப்பதில்லை, என்ன செய்யலாம்?

வெள்ளகோவில் மாணவி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். எங்கள் பகுதிக் கொரங்காடுகளில், அதாவது உயிர்வேலி போட்டு ஆடு மாடு மேய விடும் மேய்ச்சல் நிலங்களில், நரி என்ன தின்கிறது என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. எச்சத்தைச் சேகரித்து, கழுவி, அதிலிருக்கும் முடி, எலும்பு, விதை, பூச்சி ஓடு எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதாகத் திட்டம்.

இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால் எங்கள் ஊரில் ஒருத்தர் நாய் என்பார், இன்னொருத்தர் நரி என்பார், இப்போதெல்லாம் சிறுத்தை என்றுகூடப் பேச்சு கிளம்பிவிடுகிறது. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கமெல்லாம் தெருநாய் கடித்து ஆடு சாவதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் சாலையில் உட்காருவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடுவில் நரியின் பெயரும் அடிபடுகிறது. அது உண்மையில் என்னதான் தின்கிறது என்று யாராவது முறையாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

பங்குனி வரை வேலை நன்றாக நடந்தது. வண்டித்தடத்திலும் கிளுவை வேலி ஓரத்திலும் காய்ந்த எச்சம் கிடைத்துக்கொண்டே இருந்தது. சித்திரையில் கோடை மழை இறங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. விடியற்காலையில் ஈரமாகப் பார்த்து வைத்த எச்சம், வெயில் ஏறிப் போய்ப் பார்த்தால் வெறும் முடியும் மண்ணுமாகக் கிடக்கிறது. உள்ளே சின்னச் சின்னக் கறுப்பு வண்டுகள். சில இடத்தில் அந்த முடியும் இல்லை.

மழை மாதங்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதச் சொல்கிறார் என் வழிகாட்டி. அது சரியாக இருக்குமா? வண்டு தின்றுவிட்டுப் போன மிச்சத்தைக் கணக்கில் சேர்க்கலாமா? எச்சத்துக்குள் வண்டு ஓடு கிடந்தால் அது நரி தின்றதா, பிறகு வந்து சேர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தாளவாடிக்காரன்:

மழை மாதங்களை விட்டுவிட வேண்டாம் தங்கச்சி. உங்கள் ஆய்வில் இருப்பதிலேயே உருப்படியான பகுதி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

சத்தியமங்கலம் காட்டில் ஊனுண்ணிகளின் எச்சம் சேகரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். தலமலை, தாளவாடி, மாயாற்றுப் பள்ளத்தாக்கு என்று புலி, சிறுத்தை, செந்நாய், கழுதைப்புலி எல்லாவற்றின் எச்சத்தையும் தேடி அலைந்திருக்கிறோம். மழை விழுந்தால் அங்கேயும் இதேதான். புலி எண்ணிக்கை, இரை விலங்கு எண்ணிக்கை என்று எல்லாரும் பேசுவோம். அந்த எண்களுக்கு ஆதாரமான எச்சத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் வண்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இருக்காது. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், புது எச்சம் ஒன்று கண்டால் அதை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் முதலில் வருவது ஆந்தோபேகஸ் வகைச் சின்ன வண்டுகள்தான், உளுந்து அளவு இருக்கும். வாசனை வரும் காற்றுக்கு எதிராகத் தாழப் பறந்து வந்து, பொத்தென்று பக்கத்தில் விழும். இறக்கையை ஓட்டுக்குள் மடித்துச் செருகிக்கொள்ளும். உணர்கொம்பின் நுனியில் இருக்கும் மடல்களை விரித்து ஒரு கணம் நிற்கும், அப்புறம் நேராக அடியில் நுழைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எச்சத்தின் ஓரத்தில் புது மண் பொடிப்பொடியாக மேலே தள்ளப்பட்டு வரும். சாணி வண்டு என்றாலே உருட்டிக்கொண்டு போவதுதான் எல்லாருக்கும் நினைவு வரும். ஆனால் உருட்டுகிறவை ஒரு கூட்டம், அடியிலேயே குழி தோண்டி இறக்குகிறவை ஒரு கூட்டம், சாணிக்குள்ளேயே குடியிருப்பவை ஒரு கூட்டம். ஊனுண்ணி எச்சத்தில் நான் அதிகம் பார்த்தது குழி தோண்டுகிறவற்றைத்தான். காட்டெருமைச் சாணியையும் யானை லத்தியையும் மட்டும் நம்பி இருக்கும் வண்டுகள் உண்டு. எதையும் தின்னும் விலங்கின் எச்சத்துக்கு ஓடி வரும் வண்டுகளும் உண்டு. நரி பழமும் தின்னும், கறியும் தின்னும், பூச்சியும் தின்னும். அதனால் அதன் எச்சத்துக்கு நல்ல கிராக்கி.

அடுத்ததுதான் உங்களுக்கு முக்கியம். வளர்ந்த சாணி வண்டு எச்சத்தைக் கடித்து மென்று தின்பதில்லை. அதன் தாடையின் முன்பகுதி மெல்லிய சவ்வு. ஈரத்தில் கலந்திருக்கும் மிக நுண்ணிய துகள்களை மட்டும் வடிகட்டி உள்ளே எடுக்கும், பெரிய துணுக்குகளை ஒதுக்கித் தள்ளிவிடும். ஆகவே முடி, எலும்புச் சில்லு, நகம், இலந்தைக் கொட்டை இதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே தங்கும். சின்ன விதைகள் மட்டும் குஞ்சுக்கான உணவோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடலாம். நீங்கள் பார்த்த "முடியும் மண்ணும்" இப்படி மிஞ்சியதுதான். அதைத் தூக்கிப் போடாதீர்கள், தனிப் பையில் எடுத்து "வண்டு கலைத்தது" என்று எழுதி வையுங்கள். என்ன தின்றது என்பதற்கு அது சாட்சி சொல்லும். ஆனால் எந்த விலங்கு போட்ட எச்சம் என்பதை வடிவத்தையும் தடிமனையும் வைத்து இனிச் சொல்ல முடியாது.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. எலி, முயல் மாதிரி சின்ன இரையை முழுசாக விழுங்கினால் எச்சம் முழுக்க முடியாக வரும். வண்டு வந்துபோனாலும் பாதிக்கு மேல் நிற்கும். செத்த ஆட்டின் சதையையும் குடலையும் மட்டும் வயிறு நிறையத் தின்ற நரி போடுவது கறுப்பாக, குழைவாக இருக்கும், முடி அதிகம் இருக்காது. அதை வண்டு வந்தால் சுத்தமாகக் காணாமல் போகும். அப்படியென்றால், ஆட்டைத் தின்றதா இல்லையா என்று ஊரே கேட்கும் கேள்விக்கான எச்சம்தான் மழைக்காலத்தில் முதலில் அழிகிறது. கோடைக் கணக்கை மட்டும் வைத்து "நரி ஆடு தின்பது குறைவு" என்று எழுதினாலும் சரி, "அதிகம்" என்று எழுதினாலும் சரி, பட்டிக்காரர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான்.

அதனால் காணாமல் போகும் வேகத்தையே அளந்துவிடுங்கள். வீட்டில் வளர்க்கும் நாயின் புது எச்சத்தை, இன்ன நேரத்தில் போட்டது என்று தெரிந்து, ஒரே எடையாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். பாதியைத் திறந்த இடத்திலும், பாதியை வண்டு நுழைய முடியாத நெருக்கமான கம்பி வலைக்குள்ளும் வையுங்கள். வலையின் ஓரத்தை மண்ணுக்குள் நன்றாக இறக்க வேண்டும், அடியிலும் வலை வேண்டும், இல்லையென்றால் கீழ்வழியாக ஏறிவிடும். காலை, மாலை இரண்டு வேளையும் படம் எடுத்து, ஒருவர் பார்த்தால் "எச்சம்" என்று அடையாளம் காணும் நிலையில் இருக்கிறதா என்று மட்டும் குறியுங்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை. இதையே பிரேசிலின் அமேசான் காட்டில் செய்து, வண்டு இருக்கும் இடத்தில் எச்சத்தை எண்ணி விலங்கின் எண்ணிக்கையைச் சொல்வது எவ்வளவு தவறாகப் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். கொரங்காட்டுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. செய்தால் உங்கள் ஆய்வேட்டில் மற்றவர்கள் தேடிப் படிக்கும் அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டு ஓடு பற்றிக் கேட்டீர்கள். எச்சத்தைத் தாங்களே தேடி வந்த வண்டு முழுசாக இருக்கும், காலும் உணர்கொம்பும் ஒட்டியிருக்கும், வெளிப்புறத்திலோ அடியிலோ கிடைக்கும். நரி தின்ற வண்டு துண்டுதுண்டாக, எச்சத்தின் நடுவில், முடியோடு ஒட்டிப்போய் இருக்கும். நரிப்பல்லில் அரைபட்ட இறக்கையோட்டின் விளிம்பு கூர்மையாக உடைந்திருப்பதை உருப்பெருக்கியில் பார்த்தால் சந்தேகமே வராது. காய்ந்த எச்சத்தை ஊறவைப்பதற்கு முன்பே வெளியிலிருந்து உள்ளே என்று பிரித்துப் பாருங்கள், கழுவிய பிறகு இந்த வித்தியாசம் போய்விடும்.

முடிக்கு: சல்லடையில் கழுவி எடுத்து, கலந்து, ஒரு எச்சத்துக்கு 20 முடியாவது பார்ப்பது வழக்கம். நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி அதன்மேல் முடியைப் படியவைத்து எடுத்தால் முடியின் மேலுள்ள செதில்களின் தடம் கிடைக்கும். ஒப்பிட உள்ளூர் மாதிரிகள் அவசியம். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டுக்குக் கம்பளி உண்டு. வெள்ளாடு, முயல், வெள்ளெலி, மாடு எல்லாவற்றிலும் முதுகு, வயிறு, வால் என்று தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

நம் பக்கத்துக் காடுகளில் இந்த வேலைக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்து அவற்றின் வேட்டையையும் இரையையும் பதிவு செய்தார். நாகரஹொளேயில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் எந்தெந்த அளவு இரையை எடுக்கின்றன என்று உல்லாஸ் காரந்தும் மெல் சன்க்விஸ்டும் 1995இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் எச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வேட்டையாடிய உடலையும் சேர்த்துப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எச்சத்தில் ஆட்டுமுடி இருந்தால் நரி ஆட்டைத் தின்றது என்றுதான் பொருள், கொன்றது என்று பொருள் இல்லை. செத்த ஆட்டை வேலியோரம் வீசுகிற வழக்கம் இருக்கும்வரை இந்த இரண்டையும் எச்சத்தை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

காங்கயம் பட்டிக்காரர்:

அம்மிணி, நான் படிச்சவன் இல்லீங்க. கொரங்காட்டுலயே பொறந்து வளந்தவன், மாடும் ஆடும்தான் பொழப்பு. பையன் படிச்சுக் காட்டுனான், அதனால எழுதச் சொல்லி இதைப் போடறேன்.

நரி வண்டு தின்னுமான்னு கேட்டீங்க. நல்லாத் தின்னும். மழை பேஞ்ச மறுநா வெடியால எங்க காட்டுல மாட்டுச்சாணியெல்லாம் புரட்டிப் போட்டுக் கெடக்கும். மேல காஞ்ச பக்கம் அடியிலயும், அடிப்பக்கம் மேலயும் இருக்கும். பக்கத்துலயே நரித்தடம் இருக்கும். நாய் அப்பிடிப் புரட்டாதுங்க. சாணிக்கடியில இருக்கற வண்டையும் புழுவையும் பொறுக்கித் தின்னுட்டுப் போகுது. எலந்தை பழுக்கற காலத்துல அது போட்டதப் பார்த்தா வெறும் எலந்தைக் கொட்டையா இருக்கும்.

எங்க பக்கம் மயில் இப்பிடிப் பெருத்ததுக்கு நரி கொறஞ்சதுதான் காரணம்னு எல்லாரும் சொல்லறோம். மயில் முட்டையத் தின்னுதான்னு உங்க ஆராய்ச்சியில பாத்துச் சொல்லுங்க. நெசமா இல்லையான்னு எங்களுக்கும் தெரியோணும்.

ஆட்டைக் கடிச்சது நாயா நரியான்னு எங்களுக்குப் பாத்தாத் தெரியும். நாய்க்கூட்டம் பட்டிக்குள்ள பூந்தா ஒண்ணோட நிக்காது. தொடையக் கடிச்சு, வயித்தக் கிழிச்சு, ஏழெட்டைச் சாய்ச்சுப்போட்டு முக்கால்வாசியத் தின்னாமயே போயிரும். நரி தனியாக் கெடக்கற குட்டியத்தான் தூக்கும். ஆனா ராத்திரி டார்ச்சு வெளிச்சத்துல ரெண்டு கண்ணு மின்னுச்சுன்னா யாரும் நின்னு பாக்கறதில்ல, நரின்னு சொல்லிப்போடறோம்.

ஒரு சங்கதி. காட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி காட்டுக்காரங்ககிட்டக் கேட்டுக்கோங்க, யாரும் வேண்டாங்க மாட்டாங்க. படலைத் தொறந்தா மறக்காம மூடிட்டுப் போங்க. ஒரு காட்டுல மேய விட்டு, பக்கத்துக் காட்டுல கொழுக்கட்டைப் புல்ல வளர விட்டிருப்போம். படல் தொறந்து கெடந்தா மாடு அங்க பூந்துரும்.

கால்நடை மருத்துவர், தாராபுரம்:

பட்டிக்காரர் ஐயா சொன்ன சாணி புரட்டும் செய்தி அருமை. இதோடு இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும், முதலாவது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

நாய், நரி எச்சத்தைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே கூடாது. எக்கினோகாக்கஸ் என்ற சின்ன நாடாப்புழு நாய்க்குடும்ப விலங்குகளின் குடலில் இருக்கும், அதன் முட்டை எச்சத்தில் வரும். அது ஆட்டுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். கறிக்கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கட்டியைப் பார்த்திருப்பார்கள். மனிதருக்குள் போனாலும் அதே கட்டிதான், வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் வளரும். அந்தக் கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போட்டால் சுற்று மறுபடி ஆரம்பிக்கிறது. சாதாரண குளிர்பெட்டியில் உறையவைத்தால் முட்டை செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், சாகாது. சூட்டுக்குத்தான் அது சாகும், அதிலும் காய்ந்த சூட்டில் அதிக நேரம் பிடிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒட்டுண்ணியியல் துறையில் கேட்டு, அவர்கள் சொல்லும் சூட்டிலும் நேரத்திலும் வைத்தெடுத்த பிறகே கழுவுங்கள்.

இரண்டாவது, குடற்புழு மருந்து. ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாடு, ஆட்டின் சாணியில் அந்த மருந்து பல நாள் வெளிவருகிறது. வளர்ந்த வண்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்தச் சாணியில் இடும் முட்டையிலிருந்து வரும் புழு வளராமல் செத்துவிடும். ஃபென்பெண்டசோல் மாதிரியான மருந்துகளால் வண்டுக்கு அவ்வளவு கேடு இல்லை. ஆகவே இரண்டு கொரங்காடு அடுத்தடுத்து இருந்தாலும், ஒன்றில் அடிக்கடி ஊசி போட்டு இன்னொன்றில் போடாமல் இருந்தால், வண்டின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்த மருந்து, எப்போது போட்டார்கள் என்று காட்டுக்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சோதனைக்கு எடுக்கும் நாய்க்கும் அண்மையில் மருந்து போட்டிருக்கக் கூடாது.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. நாள் கணக்குப் பார்த்து எல்லா ஆட்டுக்கும் ஊசி போடுவதைவிட, கொஞ்சம் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவந்து புழுமுட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சாணியை வண்டு மண்ணுக்குள் இறக்கினால் அதில் வளரும் ஈயும் குறையும், புல்லில் ஏறும் குடற்புழுவும் குறையும். ஆஸ்திரேலியாவில் இருந்த வண்டுகள் கங்காரு புழுக்கைக்குப் பழகியவை, மாட்டுச்சாணியைச் சரியாகத் தொடவில்லை. சாணி காய்ந்து மேய்ச்சல் நிலத்தை மூடி, ஈ தாங்க முடியாமல் போய், ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளரின் முயற்சியில் 1965 முதல் இருபது வருடம் வெளிநாடுகளிலிருந்து வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கொரங்காட்டுக்கு அவை கூலி கேட்காமல் தாமாகவே வந்து வேலை செய்கின்றன. ஊசி போடும்போது அதையும் நினைக்க வேண்டும்.

வெள்ளகோவில் மாணவி:

அண்ணா, ஐயா, டாக்டர் சார், மூன்று பேருக்கும் ரொம்ப நன்றிங்க. முகக்கவசம் இதுவரை போட்டதில்லை, நாளையிலிருந்து போடுகிறேன். வழிகாட்டியிடமும் பேசிவிட்டேன், கம்பி வலைச் சோதனைக்குச் சரி என்று சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று மட்டும். கொரங்காட்டில் தெருநாயும் திரிகிறது. நாய் எச்சமா நரி எச்சமா என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அப்புறம், வண்டு இனங்களை அடையாளம் காண யாரைக் கேட்கலாம்?

தாளவாடிக்காரன்:

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது தங்கச்சி. நரி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும், அந்த மாதிரி இடங்கள் கிடைத்தால் தானியங்கிக் கேமரா வைத்து யார் வருகிறார்கள் என்று பாருங்கள். சோற்றுப்பருக்கை, பிளாஸ்டிக் துண்டு இருந்தால் நாய் என்று சட்டென முடிவுகட்டாதீர்கள். ஊரை ஒட்டித் திரியும் நரியும் குப்பையைக் கிளறும். சந்தேகத்துக்கு இடமில்லாத வழி மரபணுச் சோதனைதான். ஈரமான எச்சத்தின் வெளிப்பூச்சிலிருந்து சுண்டுவிரல் நகமளவு எடுத்து எத்தனால் குப்பியில் போட்டுவிடுங்கள். டாக்டர் சொன்ன சூட்டில் வைப்பதற்கு முன்பே இதை எடுத்தாக வேண்டும், சூடுபட்டால் மரபணு சிதையும். ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி மையத்துக்கு வழிகாட்டி மூலமாக எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சோதனை செய்யப் பணம் போதாது என்றால், சந்தேகமானவற்றுக்கு மட்டுமாவது செய்யுங்கள். மீதியை "நாய் அல்லது நரி" என்றே எழுதுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை.

வண்டுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தில் கேளுங்கள். நம் நாட்டுச் சாணி வண்டுகளுக்கு கில்பர்ட் ஆரோ 1931இல் எழுதிய தொகுதியைத்தான் இன்றைக்கும் முதலில் புரட்டுகிறார்கள். பல இனங்களின் பெயர் அதற்குப் பிறகு மாறியிருக்கிறது, அதனால் அங்கே இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிடாமல் பெயர் எழுத வேண்டாம். வண்டு பிடிக்க, பிளாஸ்டிக் டப்பாவை வாய் தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே துணியில் கட்டிய எச்சத்தைக் குச்சியில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் மாட்டுச்சாணிக்கு ஒன்று, ஆட்டுப் புழுக்கைக்கு ஒன்று. ஒரு பகலும் ஒரு இரவும் முடிந்ததும் எடுத்துவிடுங்கள், தேவைக்கு மேல் கொல்ல வேண்டாம். பகல் வண்டு வேறு, இரவு வண்டு வேறு என்பதால் பொழுது சாயும்போது ஒரு முறை டப்பாவை மாற்றினால் நல்லது. அதைச் சுற்றி முள் போடுங்கள், இல்லையென்றால் கட்டிவிட்டதை நாயே இழுத்துக்கொண்டு போய்விடும்.

மயில் முட்டை ஓடு விஷயத்தில் ஐயா கேட்டது நல்ல கேள்வி. முட்டை ஓடு வயிற்றில் கரைந்தும் போகும், கிடைக்காததை வைத்துத் தின்னவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுத் துணுக்கு, இறகுத் தண்டு எது கிடைத்தாலும் தனி உறையில் எடுத்து வையுங்கள். காகித உறைதான் வேண்டும், பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.